யாரையும் திருப்பி அனுப்பாதவள்

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சானடோரியத்துக்கு, அதாவது ஓய்வும் சிகிச்சையும் தரும் விடுதிக்கு, போன் செய்பவர்கள் என்னைப் பற்றி என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். என் அறைக்கும் வேராவின் பதிவு மேசைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான் இருக்கிறது.

“மசாஜ் பண்றவங்க கை நல்ல கையா?”

“நல்ல கைதான்.”

“யாரு பொண்ணு?”

“கானிம் பொண்ணு. எலும்பு கட்டுவாங்களே, சுளுக்கு எடுப்பாங்களே, அந்தக் கானிம். இவ பேரு சைராகான்.”

“அட, கானிம் பொண்ணா! அப்ப நாளைக்கே எழுதிக்கோம்மா.”

அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இந்தப் பதினான்கு வருடங்களில் நான் எங்கே படித்தேன் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் இரண்டு வருடம் மருத்துவ மசாஜ் படித்ததற்கான சான்றிதழ் என் மேசைக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் அதன் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யாரைத் தொட மாட்டாய், யாரைத் திருப்பி அனுப்புவாய் என்று கேட்க வேண்டும். அதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவளிடம் உடம்பைக் கொடுக்கலாம். யாரும் கேட்பதில்லை. கேட்டுவிடுவார்களோ என்றும் எனக்குப் பயம்தான்.

என் அம்மா சிலரைத் திருப்பி அனுப்புவாள். முழங்கால் பிசகியவன், தோள் இறங்கியவன், இடுப்புப் பிடித்துக்கொண்டவள் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுப் படுக்க வைப்பவள், திடீரென்று ஒருத்தியை வாசலிலேயே பார்த்துவிட்டு, “இது என் கைக்கு வேண்டாம், டாக்டர்கிட்ட போ” என்பாள். ஏன் என்று சொல்ல மாட்டாள். கேட்டால் அடுப்பைக் கிளறப் போய்விடுவாள். கானிமுக்கு மூடு சரியில்லை என்று ஊர் பேசிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் வைத்தியக் கை என்பது கொடுத்துப் பெற வேண்டியது. கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போது, வாங்குபவரின் கைமேல் தன் கையை வைத்துக் கொடுக்க வேண்டும். அம்மா எனக்குக் கொடுக்கவில்லை. கேட்டும் கொடுக்கவில்லை. ஆனால் அவள் இறந்த நாற்பதாம் நாள் சாப்பாட்டில் இறைச்சித் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தன் மணிக்கட்டை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்து நீவினேன். அவளுக்கு வலி குறைந்தது. “பாத்தீங்களா, சொல்லாம கொள்ளாம கை இவகிட்ட வந்துடுச்சு! ரத்தம் எங்க போகும்?” என்று அவள் கத்தினாள். அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்படி யாரும் அதுவரை என்னைப் பார்த்ததில்லை.

நான் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அதனால் என்னை அம்மாவைவிடப் பெரிய கை என்றார்கள்.

இரண்டு வருடம் கழித்து உல்போல்சுன் வந்தாள். எஸ்தேபெஸின் மனைவி, முப்பத்தைந்து வயது, வாய் ஓயாமல் பேசுகிறவள். குதிரையிலிருந்து விழுந்து, ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்து, கட்டுப் பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. கெண்டைக்கால் வீங்கி, தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டிருந்தது. தொட்டபோது சூடாக இருந்தது. நான் வழக்கப்படி எங்கள் காவல் தெய்வத்தை நினைத்து, “இது என் கை இல்லை, உமாய்த் தாயின் கை” என்று சொல்லிவிட்டுத் தொடங்கினேன். அரை மணி நேரம் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவினேன். அவளுக்கு வலி இறங்கியது. நடந்தே வீட்டுக்குப் போனாள். அன்று நிம்மதியாகத் தூங்கினாள் என்று பிறகு எஸ்தேபெஸ் சொன்னார். மறுநாள் காலையில் மாட்டுக்கொட்டகை வாசலில் மூச்சு அடைத்து விழுந்து இறந்தாள். இதயம் என்று எழுதினார்கள். நானும் அழுதேன், உடம்பைக் கழுவ உதவினேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

தெரிந்தது மூன்று வருடம் கழித்து. ஊரில் இனிமேல் சான்றிதழ் இல்லாமல் தொழில் செய்ய முடியாது என்று யாரோ சொன்னதால் பிஷ்கெக்குக்குப் படிக்கப் போயிருந்தேன். எப்படித் தொடுவது என்று சொல்லிக்கொடுக்கும் முன் யாரைத் தொடக் கூடாது என்று மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். காய்ச்சல், புண், முறிந்து சேராத எலும்பு. பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, ஆசிரியை கரும்பலகையில் ஒரு காலை வரைந்தாள். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும், சூடாக இருக்கும், கெண்டைக்கால் வலிக்கும். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு வரலாம், பிரசவத்துக்குப் பிறகு வரலாம், நீண்ட பயணத்துக்குப் பிறகு வரலாம். உள்ளே நாளத்தில் ரத்தம் கட்டியிருக்கும். நீவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். சுற்றிலும் எல்லாரும் எழுதினார்கள். நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். அவன் அந்த மரத்தை முடித்து அடுத்த மரத்துக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து உமாய்த் தாயின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டேன். அது என் கைதான்.

எந்தக் காலைத் தொட்டாலும் அதற்கு அடியில் இன்னொரு கால் இருக்கிறது. முதலில் விரல்களுக்குச் சூடு தெரியும், பிறகுதான் மேசையில் படுத்திருப்பவரின் தோல் தெரியும். சில நாட்களில் தெரியாது. அப்படித் தெரியாத நாட்களில்தான் அதிகமாகப் பயப்படுவேன், உல்போல்சுன் எங்கே போய் நிற்கிறாளோ என்று.

எஸ்தேபெஸ் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் உலர்ந்த ஆப்ரிகாட் ஒரு மூட்டை கொண்டுவந்து தருவார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. கல்யாண விருந்தில் என்னைப் பார்த்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, “என் பொண்டாட்டியோட கடைசி நாள்ல வலியில்லாம தூங்க வச்ச கை இதுதான்” என்று என் கையைத் தூக்கிக் காட்டுவார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த ஆப்ரிகாட் முழுவதும் வேராவுக்குப் போகும். எனக்கு அது சேராது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த அக்டோபரில், சானடோரியத்தில் ஐந்தாறு பேர்தான் மிச்சமிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில், எஸ்தேபெஸ் மகளோடு வந்தார். பெகாயிம். அம்மா இறந்தபோது ஏழு வயது. இப்போது இருபத்தாறு. ஒரு கையில் பிறந்து பதினெட்டு நாளான குழந்தை, மறு கையால் அப்பாவின் தோள். இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

“பதிவு பண்ணியாச்சா? டாக்டர் சீட்டு எங்க?” என்றாள் வேரா.

“சீட்டாவது ஒண்ணாவது. இது எங்க வீட்டுக் கை. நீ போயி டீ குடி, வேரா.”

“உங்க வீட்டுக் கைன்னா வீட்டுல வச்சுக்கோங்க. இங்க சீட்டு வேணும்.”

“இவ இன்னும் மாறவே இல்ல பாரு,” என்று எஸ்தேபெஸ் சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கி வேராவின் மடியிலேயே வைத்துவிட்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மேசையில் படுத்த பெகாயிம் தானாகவே பேசத் தொடங்கினாள். அவள் அம்மாவின் அதே வாய்.

“பிஷ்கெக்ல பெத்துட்டு நேத்துதான் கார்ல வந்தோம்க்கா. ஏழு மணி நேரம். எறங்கும்போதே காலு கல்லு மாதிரி ஆயிடுச்சு. மாமியார் ஆட்டுக் கொழுப்பு எடுத்துட்டு வந்தாங்க. அதுல காலு சரியாகல, நாயிதான் பின்னாடியே சுத்துது.”

“அழுத்தித் தேச்சாங்களா?”

“எங்க? நாத்தம் தாங்காம தள்ளி விட்டுட்டேன். பூசுனதோட சரி.”

புறங்கையை அவள் காலுக்கு மேலே கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே தெரிந்தது. இத்தனை வருடமும் மற்றக் கால்களுக்கு அடியில் இருந்த கால் இப்போது மேலே வந்திருந்தது. டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தேன். இடதில் நான்கு சென்டிமீட்டர் அதிகம். டேப்பைச் சுருட்டினேன். சுருட்டி முடித்ததை மறுபடியும் பிரித்துச் சுருட்டினேன்.

“மூச்சு வாங்குதா? நெஞ்சுல வலி இருக்கா?”

“இல்லக்கா. காலு மட்டும்தான்.”

“எந்திரிக்காத. அப்படியே படு,” என்றேன். பிறகு எஸ்தேபெஸிடம் திரும்பினேன். “அண்ணே, இதுக்கு மசாஜ் கூடாது. உள்ள ரத்தம் கட்டியிருக்குன்னு நெனைக்கிறேன். உடனே காராகோலுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஸ்கேன் எடுக்கணும். எங்க டாக்டர் இன்னிக்கு லீவு, இங்க ஒண்ணும் முடியாது.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்தார். அதை அவர் இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

“படிச்சதுல இருந்து நீயும் டாக்டருங்க மாதிரியே பேசுற தங்கச்சி. நாளைக்குத் தொட்டில் விருந்து. அறுபது பேரு வராங்க. ரெண்டு ஆடு அடிச்சாச்சு. இவ நிக்கணும், அவ்வளவுதான். அவ அம்மாவுக்குச் செஞ்ச மாதிரி செஞ்சு விடு.”

“இது வேற அண்ணே.”

“என்ன வேற? இதே கால்தான். இதே வீக்கம்தான். நான் பக்கத்துல இருந்து பாத்தவன். சூட்டுல அவ போர்வையத் தூக்கித் தூக்கிப் போட்டா. நீ நீவுன, வலி போச்சு. நடந்து வந்தா. உன் கை தோத்ததே இல்ல.”

“ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி போடுவாங்க, கட்டி நகராம...”

“ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வச்சுடுவாங்க. பதினஞ்சு நாள். எனக்குத் தெரியாதா?” அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கோபம் இல்லை. எனக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி இருந்தார். “கை களைச்சுப் போச்சுன்னா சொல்லு, தப்பில்ல. போற வழியில சத்திபால்டி இருக்கான். அவன் அப்பாவும் கை உள்ளவரு. அஞ்சு நிமிஷத்துல எடுத்து விட்டுடுவான். எந்திரிம்மா.”

பெகாயிம் முழங்கையை ஊன்றினாள்.

நான் என்ன சொன்னாலும் அவரிடம் ஓர் அத்தாட்சி இருந்தது. அந்த அத்தாட்சி நான்தான். பத்தொன்பது வருடமாக விருந்துக்கு விருந்து அவர் தூக்கிக் காட்டிய கை. அந்தக் கை பொய் என்று சொன்னால் ஒழிய இந்தக் கால் சத்திபால்டியின் வீட்டுக்குத்தான் போகும்.

தடுப்புக்கு அப்பால் குழந்தை முனகியது. வேரா ஏதோ ரஷ்யப் பாட்டை மெல்ல முணுமுணுத்தாள். நான் கதவருகே போய் நின்றுகொண்டேன். வழியை மறித்தேனா, விழாமல் இருக்கச் சாய்ந்தேனா என்று தெரியாது.

“அண்ணே, உல்போல்சுன நான் குணப்படுத்தல.”

“என்ன?”

“அந்தக் காலும் இப்படித்தான் இருந்துச்சு. உள்ள கட்டி. நான் அரை மணி நேரம் நீவி அத மேல தள்ளி விட்டுட்டேன். வலி போனது அதனாலயா இருக்கும். காலையில அது நெஞ்ச அடைச்சிருக்கு.”

“இதயம்னு எழுதுனாங்களே.”

“எழுதுனவருக்குக் காலப் பத்தி யாரும் சொல்லல. யாரும் அறுத்துப் பாக்கல. அதனால உறுதியா நிரூபிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆனா எனக்குத் தெரியும் அண்ணே. அன்னிக்குத் தெரியாது. மூணு வருஷம் கழிச்சு வகுப்புல தெரிஞ்சுது. அதுக்கப்புறம் பதினாறு வருஷம் நீங்க குடுத்தத வாங்கிக்கிட்டேன்.”

ஏரியின் சத்தம் ஜன்னல் இடுக்கு வழியாக வந்தது. இலையுதிர்காலத்தில் அது ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் புரள்வது மாதிரி கேட்கும். பெகாயிம் பாவாடையை இழுத்துக் காலை மூடினாள். என்னிடமிருந்து அதை மறைத்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. எஸ்தேபெஸ் சுவரில் இருந்த கொக்கியைப் பார்த்தபடி நின்றார். நான் வாசலை விட்டு நகரவில்லை. அவர் அடித்தால் அடிக்கட்டும் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

கடைசியில் அவர் மகளிடம்தான் பேசினார். “வண்டிய வாசல்கிட்ட கொண்டு வரேன். கால ஆட்டாத.”

என்னைத் தாண்டிப் போனார். அவருடைய தோள் என்மீது படாமல் இருக்கக் கொஞ்சம் ஒதுங்கிப் போனார்.

“அக்கா,” என்றாள் பெகாயிம். முகம் வெளுத்திருந்தது. “நீங்களும் வாங்க. அங்க கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு உங்களப் பத்தி என்ன நெனைக்கிறதுன்னு தெரியல. அத அப்புறம் பாத்துக்கலாம். வாங்க.”

வேரா குழந்தையோடு முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பின்னால் பெகாயிமை நீட்டிப் படுக்க வைத்துக் காலுக்குத் தலையணை கொடுத்தோம். அந்தத் தலையணை என் மடியில் இருந்தது. நாற்பது நிமிடப் பாதை. என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் அவை தாமாகவே காலைப் பிடிக்கப் போயின. தொடைகளுக்கு அடியில் அவற்றை வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். மரத்துப்போகும்வரை எடுக்கவில்லை.

நகர மருத்துவமனையில் இருந்த டாக்டர் இளம்பெண். ஸ்கேன் கருவியைத் தொடைவரை நகர்த்திப் பார்த்தவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

“கட்டி இருக்கு. பெருசு. யாராவது இந்தக் கால நீவி விட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க.”

“இல்ல,” என்றார் எஸ்தேபெஸ். “யாரும் தொடல.”

“நல்ல வேளை.” அவள் ஊசிக்கு எழுதினாள். “படுத்தே இருக்கணும். எந்திரிச்சு நடந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

“நாளைக்குத் தொட்டில் விருந்து டாக்டர்,” என்றாள் பெகாயிம்.

“தொட்டில இங்க கொண்டு வரச் சொல்லு. ஆட்டுக்கறியையும்தான். நானும் காலையில இருந்து சாப்பிடல.”

பெகாயிம் சிரித்துவிட்டு உடனே அழுதாள். வேரா குழந்தையை அவளிடம் கொடுத்தாள்.

நான் வெளியே வந்து நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தேன். பேருந்து எப்போது என்று யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எஸ்தேபெஸ் வந்து அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். நடுவே இரண்டு ஆள் உட்காரலாம். தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். ஒரு செவிலி தட்டோடு எங்களைக் கடந்து போனாள். திரும்பியும் வந்தாள்.

“அன்னிக்கு,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “கடைசில ஒரு பத்து நிமிஷம் குதிரைக்குத் தண்ணி காட்ட வெளிய போயிட்டேன். அப்ப அவ எதாச்சும் சொன்னாளா?”

இந்தப் பத்தொன்பது வருடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லாம் என்னிடம் இருந்தது. ஒரு சொல்கூடக் குறையவில்லை.

“மெதுவான்னு சொன்னாங்க.”

“நீ?”

“இன்னும் அழுத்துனேன். வலிக்கிற எடத்துலதான் நோய் இருக்குன்னு நெனச்சேன்.”

அவர் தலையை ஆட்டினார். சரி என்பது போலவும் இருந்தது, தாங்கவில்லை என்பது போலவும் இருந்தது.

“வேற?”

“உங்களப் பத்திச் சொன்னாங்க.”

முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

“அந்த மனுஷன் கன்னுக்குட்டியக் கட்டியிருக்க மாட்டாரு, அது எல்லாப் பாலையும் குடிச்சுத் தீத்துடும், போயி ஒரு சத்தம் போட்டுட்டு வான்னாங்க. எண்ணெக் கையோட எப்படிப் போறதுன்னேன். சிரிச்சாங்க. ‘விடு, போகட்டும், பாவம் கன்னுக்குட்டி, பாவம் அவரும்’னாங்க. அப்புறம் நீங்க உள்ள வந்துட்டீங்க.”

“கட்டல,” என்றார் எஸ்தேபெஸ். “மறந்துட்டேன்.”

கையால் வாயை மூடிக்கொண்டார். எதிர்ச் சுவரில் பாதிவரை பச்சை வண்ணமும் மேலே வெள்ளையும் அடித்திருந்தார்கள். இரண்டும் சேரும் கோட்டையே நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே குழந்தை அழுது ஓய்ந்தது.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றார்.

“எத அண்ணே?”

“எல்லாத்தையும். மெதுவான்னு அவ சொன்னதுல இருந்து.”

நான் அங்கிருந்தே தொடங்கினேன்.